கரி எடுத்த கதை

(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

எங்கள் ஊரில் ஏரிக்கரைமீது ஏறும் மேடு ஒன்று உண்டு. நீளம் நூறு அடிகூட இராது. அந்த மேட்டில்தான் நாங்கள் எங்கள் வண்டிக்கு நாடி பிடித்துப் பார்ப்பது வழக்கம். நாற்பது லிட்டர் பாலையும் என் தந்தையாரையும் சுமந்துகொண்டு அதில் முனகாமல் ஏறிவிட்டால் வண்டி சுகமாக இருக்கிறது என்று பொருள். சென்ற ஆடி மாதத்தில் முனக ஆரம்பித்தது. ஆவணியில் அப்பா இறங்கிக் கூடவே ஓடினார். புரட்டாசியில் இறங்கித் தள்ளவே வேண்டியதாயிற்று. ஐம்பத்தாறு வயதில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இருபுறமும் பால்கேன் தொங்கும் வண்டியை மேட்டில் தள்ளுவது எத்தகைய வேலை என்பதை நம் விளையாட்டுத் துறை நண்பர்கள் ஒருமுறை செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வண்டி 2006-ஆம் ஆண்டு வாங்கிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர். ஊரில் வீடு வீடாகப் பால் கறந்து, பாதியைச் சொசைட்டிக்கும் மீதியைத் துறையூர் டீக்கடைகளுக்கும் ஊற்றுவது அப்பாவின் தொழில். நான் இக்கல்லூரிக்குக் கட்டும் கட்டணமும் அந்தக் கேன்களிலிருந்துதான் வருகிறது. மெக்கானிக்கிடம் காட்டினோம். “திறந்து பார்த்தால்தான் தெரியும், போர் போட்டுப் பிஸ்டன் மாற்ற வேண்டியிருக்கலாம், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்க” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் மாடு விடுமுறை அறியாதது. இரண்டு நாள் டீக்கடைக்குப் பால் போகவில்லையென்றால் மூன்றாம் நாள் அந்தக் கடைக்கு வேறொருவர் ஊற்றிக்கொண்டிருப்பார். பழைய இரும்புக்காரர் மூவாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். தவணையில் புது வண்டி எடுத்தால் தங்கையை அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்ப்பது தள்ளிப்போகும் என்று அம்மா விரல் மடக்கிக் கணக்குச் சொன்னாள். தங்கை ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான், “காந்தி ஜெயந்தி விடுமுறையில் நானே பிரித்துக் கரி எடுத்துப் பார்க்கிறேன்” என்று வாய் விட்டேன்.

முன்பின் தெரியாமல் விட்ட வாய் அல்ல. பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்திருக்கிறேன். அங்கே கற்றதையும், வகுப்பில் படித்ததையும், அன்று நான் செய்த பிழையையும் சேர்த்து எழுதினால் வீட்டில் பழைய இரு வீச்சு வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், நோய் கரிதானா, தேய்மானமா என்று எப்படி அறிவது? எஞ்சின் தேய்ந்திருந்தால் பெடலை மிதிக்கும்போது எதிர்ப்பு இராது; கால் தொளதொளவென்று இறங்கும். எங்கள் வண்டியில் எதிர்ப்பு நன்றாகவே இருந்தது. அடுத்து, ஓடும் வண்டியின் சைலன்சர் வாலுக்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டினேன். ‘பட் பட்’ என்று அறைய வேண்டிய காற்று கிழவர் ஊதும் அடுப்பைப்போல் மெலிதாக வந்தது. பிளக்கைக் கழற்றினால் முனை பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும். எங்களுடையது தார் பூசியதுபோல் கறுத்து ஈரமாயிருந்தது. இவற்றைவிடப் பெரிய சாட்சி ஒன்று: சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் எஞ்சின் இரண்டு மூன்று முறை உறுமிவிட்டுத்தான் அடங்கிற்று. பிளக்கில் பொறியே இல்லாதபோது பெட்ரோலைப் பற்ற வைத்தது யார்? உள்ளே நெருப்புத் துண்டாய்க் கனன்றுகொண்டிருந்த கரிதான்.

இந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்பது நம் துறையைச் சேர்ந்த கேள்வி. பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றின் பிரதிநிதியாக ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். 2 மூலக்கூறு ஆக்டேன் முழுமையாக எரிய 25 மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பவை 16 மூலக்கூறு கரியமில வாயுவும் 18 மூலக்கூறு நீரும். எடைக் கணக்கில் சொன்னால் ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று. இது கரும்பலகையில் நடக்கும் எரிதல். எஞ்சினில் நடப்பது வேறு. நிமிடத்துக்கு 5000 சுற்று சுழலும்போது ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 12 மில்லி விநாடிதான். அதற்குள் பழைய புகை வெளியேறி, புதிய கலவை உள்ளே வந்து, அழுந்தி, பற்றி, எரிந்து முடிய வேண்டும். தேர்வு மண்டபத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் நாம் எழுதும் விடைகளைப்போல அவசரத்தில் சில அரைகுறையாகவே நிற்கின்றன.

ஆனால் பெட்ரோலைமட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. 1876-இல் ஓட்டோ செய்துகாட்டிய நான்கு வீச்சு எஞ்சினில் மசகெண்ணெய் தனித் தொட்டியில் கிடந்து, தன் வேலையைச் செய்துவிட்டு மீண்டும் தொட்டிக்கே திரும்பும். இரு வீச்சு எஞ்சினை 1878-இல் டுகால்ட் கிளார்க் செய்தார். பத்தாண்டுகளுக்குப்பின் ஜோசப் டே என்ற ஆங்கிலேயர் அதை இன்னும் எளிதாக்கினார். கிராங்க் இருக்கும் கூட்டையே காற்றழுத்தும் பம்பாக மாற்றி, பெட்ரோல்-காற்றுக் கலவையை அதன் வழியாகவே சிலிண்டருக்கு அனுப்பினார். பாகங்கள் குறைந்தன, விலை குறைந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து, இருவர் ஏறக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டாக டி.வி.எஸ். 50 வந்து நம் கிராமத்துச் சாலைகளை நிறைத்ததும் இந்த எளிமையால்தான். ஆனால் கலவை போகும் வழியிலேயே கிராங்கும் பேரிங்கும் இருப்பதால் அங்கே தனியாக எண்ணெய் தேக்க முடியாது. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து அனுப்பவேண்டியிருக்கிறது. வழியில் உராய்வைத் தணித்துவிட்டு அந்த எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து நெருப்பில் விழுகிறது. பெட்ரோல் சட்டென ஆவியாகி எரிந்துபோகும். எண்ணெயின் மூலக்கூறுகள் பெரியவை, எளிதில் ஆவியாகா. சூடான உலோகத்தில் ஒட்டி, முதலில் பிசினாகி, பிறகு காய்ந்து கெட்டிப்படுகின்றன.

வீட்டில் இதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. லாந்தர் கண்ணாடியில் படியும் புகைக்கரி ஒருவகை. துணியால் துடைத்தால் போய்விடும். தோசைக்கல்லின் ஓரத்தில் ஆண்டுக்கணக்காக எண்ணெய் தீய்ந்து படியும் கரி மற்றொரு வகை. அதற்குக் கரண்டிக் காம்பு வேண்டும். எஞ்சினில் இரண்டும் உண்டு, இரண்டாவதுதான் வில்லன். வைரமும் கரியும் ஒரே தனிமம் என்று 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் வைரத்தை எரித்து நிரூபித்ததைப் படித்திருக்கிறோம். எங்கள் வண்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கரி எடுத்தும் வைரம் எதுவும் அகப்படவில்லை. உண்மையில் அது தூய கார்பனும் அன்று. எண்ணெய்ப் பிசின், எண்ணெயில் சேர்த்த வேதிப்பொருள்களின் சாம்பல், காற்றோடு வந்த புழுதி எல்லாம் கலந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்படும்வரை ஈய உப்புகளும் அதில் இருந்தன. அக்காலத்திலிருந்து மூலையில் கிடக்கும் எஞ்சினை யாராவது திறந்தால் அந்தத் தூளை வாயால் ஊதாதிருப்பது நலம்.

கரி படிவதால் வரும் கேடுகளில் இரு வீச்சு வண்டிக்குப் பெரியது மூச்சடைப்பு. எங்கள் ஊரார்க்குப் புரியும்படி சொன்னால், வடிகால் அடைபட்ட வயலுக்கு மடையில் எவ்வளவு நீர் விட்டாலும் புதுநீர் ஏறாது. அதுபோல் புகை வெளியேறும் துளையும் சைலன்சரும் அடைபட்டால் பழைய புகை சிலிண்டரிலேயே தங்கிவிடுகிறது. புதிய கலவைக்கு இடமில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்கப் பெட்ரோல் செலவாகும், இழுவை வராது. ஹெட்டின் குழிவில் படியும் கரி அந்த இடத்தைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. கனன்று, பொறிக்கு முன்பே கலவையைக் கொளுத்துகிறது. மேட்டில் கேட்கும் ‘டொக் டொக்’ சத்தம் அதிலிருந்து வருவது. இன்னும் ஒன்று, பிஸ்டன் ரிங்குகள் தம் பள்ளத்தில் ஒட்டிக்கொள்வது. அது நேர்ந்தால் மெக்கானிக் சொன்ன செலவு உறுதி.

இனி அன்றைய வேலைக்கு வருகிறேன். அப்பா காலைப் பால் ஊற்றித் திரும்பியபோது மணி ஒன்பது. மாலைப் பாலுக்கு நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். எனக்குக் கிடைத்தது ஏழு மணி நேரம். “முடியலேன்னா சொல்லிடு தம்பி, சைக்கிள்ல கட்டிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா மாட்டைக் குளிப்பாட்டப் போனார். துறையூருக்கு ஏழு கிலோமீட்டர்.

எஞ்சின் ஆறும்வரை வெளிப்புறத்தைக் கழுவினேன். இதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. திறந்தபின் விழும் ஒரு பொடி மணல் சிலிண்டரில் கோடு போட்டுவிடும். பெட்ரோல் குழாயை மூடி, பிளக் ஒயரை எடுத்து, சைலன்சரின் நட்டுகளைக் கழற்றினேன். முந்தைய இரவே அவற்றின்மீது மண்ணெண்ணெய் விட்டு வைத்திருந்ததால் அடம் பிடிக்கவில்லை. சைலன்சர் வால்பக்கத்துத் திருகை எடுத்தால் உள்குழாய் கையோடு வர வேண்டும். வரவில்லை. கட்டையால் தட்டித் திருகித் தங்கையும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்த பிறகு வந்தது. சுண்டுவிரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில் நுழையவில்லை.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா வைக்கோலில் போட்டு எரித்துவிடச் சொன்னார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கரி உதிரும் என்பது மெய்யே. ஆனால் முலாம் நீலம்பாரித்துத் துருப்பிடிக்கும். அந்தப் புகையோ சுவாசிக்கத் தக்கதன்று. நான் காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொண்டேன். லிட்டருக்கு 100 கிராம் வீதம், குளிர்ந்த நீரில் சிறிது சிறிதாகச் சோடாவைப் போட வேண்டும். சோடாமீது நீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறை கட்டாயம், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு கட்டாயமும் இருந்தது: வாளியில் எது இருந்தாலும் வாய் வைக்கும் கன்றுக்குட்டியைத் தூரக் கட்டுவது. சைலன்சரும் உள்குழாயும் இரும்பு வாளியில் மூன்று மணி நேரம் ஊறின. பிறகு உள்குழாயைக் கம்பியால் குத்தி எடுத்தேன். சைலன்சர் கூட்டுக்குள் பழைய சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கினேன். உமிக்கரி கொட்டுவதுபோல் கொட்டிற்று. மிஞ்சிய கரைசலில் நிறையத் தண்ணீர் கலந்து கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டி ஊற்றினோம்.

இங்கே நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தக் காஸ்டிக் சோடா இரும்புக்கு மட்டும். ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியக் கலப்புலோகம். சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை விடும் என்பது முதலாண்டுப் பாடம். சந்தேகமுள்ளவர்கள் உடைந்த அலுமினியக் கிண்ணத்தின் துண்டு ஒன்றை அதில் போட்டுப் பார்க்கலாம். நுரைத்துக்கொண்டு கரையும். ‘எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடு’ என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஹெட்டின் நான்கு நட்டுகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராகக் கால்திருகல் வீதம் தளர்த்தினேன். ஹெட் வந்ததும் தங்கை, “அண்ணா, இது என்ன அப்பம் மாதிரி?” என்றாள். குழிவு முழுதும் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குக் கரி. பிஸ்டன் தலையிலும் அவ்வாறே. இதைச் சுரண்டத் திருப்புளியையோ கத்தியையோ எடுப்பதுதான் வீட்டில் வேலை செய்பவர்கள் செய்யும் முதல் தவறு. அலுமினியம் எஃகைவிட மென்மையானது. ஒரு கீறல் விழுந்தால் அடுத்த கரி அந்தக் கீறலில்தான் முதலில் வேர்பிடிக்கும். மண்ணெண்ணெயில் அரைமணி ஊறவைத்து, மூங்கில் சிம்பை உளிபோல் சீவிச் சுரண்ட வேண்டும். நேரம் பிடிக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அதன் மணல் எங்கே ஒளியும் என்று சொல்ல முடியாது.

ஹெட்டை மட்டும் எடுத்துக் கரி நீக்கிவிட்டு மூடிவிடலாம். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ஓரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவினால் உதிரும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், துடைத்து எடுத்துவிடலாம். நேரமில்லாதவர்களுக்கு அது போதும். எனக்கு ரிங்குகளைப் பார்க்காமல் மனம் ஒப்பவில்லை. சிலிண்டரையும் உருவினேன். கிராங்க் கூட்டின் வாயில் சுத்தமான துணியை அடைத்தேன். புகைத்துளை அரைநிலாவாகச் சுருங்கியிருந்தது. அதைச் சுரண்டி முழுநிலாவாக்கினேன். மேல் ரிங் அசைந்தது. கீழ் ரிங் பள்ளத்தில் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். மணி பன்னிரண்டேகால். இன்னும் கால்மணி காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. இரு கட்டைவிரல்களாலும் முனைகளை விரித்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். ரிங் இரண்டாக என் கையில் இருந்தது.

வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, நேரே உடையும். புத்தகத்தில் படித்த அந்த வரி அன்றுதான் எனக்குப் புரிந்தது. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் உள்ளே போனாள். அப்பாவின் காதில் விழாதபடி சைக்கிளை எடுத்தேன்.

காந்தி ஜெயந்தியன்று எந்த உதிரிபாகக் கடை திறந்திருக்கும்? துறையூரில் ஒரு கடைக்காரரின் வீடு கடைக்குப் பின்புறம் என்பது பட்டறை நாட்களில் தெரிந்தது. சாப்பாட்டில் இருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். “ரிங் தரேன், என்ன சைஸ்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. முன்பு எப்போதாவது போர் போட்டிருந்தால் பிஸ்டன் ஓர் அளவு பெரிதாயிருக்கும். ரிங்கும் அதற்கேற்ப வேண்டும். அந்த எண் பிஸ்டன் தலையிலேயே பொறித்திருக்கும், ஆனால் நான் புறப்பட்டபோது அங்கே கரிதான் இருந்தது. தங்கைக்குப் போன் செய்தேன். “நான் பாதி சுரண்டிட்டேன் அண்ணா. அம்புக்குறி ஒண்ணு இருக்கு. பக்கத்துல இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு” என்றாள். அதாவது கால் மில்லிமீட்டர் கூடுதல். பல ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை போர் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரிங் செட்டும் கேஸ்கெட்டுகளும் வாங்கினேன். கேஸ்கெட்டுக்குக் காலண்டர் அட்டையை வெட்டிப் போடுவோரும் உண்டு. ஒரு மாதம் தாங்கும், பிறகு காற்று கசியும். கசிந்தால் கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் சூடேறும்.

வீடு திரும்பியபோது இரண்டேகால். புதிய ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்து முனைகளின் இடைவெளியைப் பார்த்தேன். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து இறுகிவிடும். பள்ளங்களில் இருந்த கரியை உடைந்த பழைய ரிங்கின் துண்டைக் கொண்டே சுரண்டினேன். அளவுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. உடைந்ததற்கு ஒரு பயன். இரு வீச்சு பிஸ்டனில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஊசிமுனை போன்ற ஆணி இருக்கும். ரிங்கின் முனைகள் அந்த ஆணியில்தான் சந்திக்க வேண்டும். நான்கு வீச்சு வண்டியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இதில் ரிங் சுற்றிவந்து அதன் முனை புகைத்துளையில் மாட்டினால் துண்டு துண்டாகிவிடும். எண்ணெய் தடவி, விரலால் ரிங்குகளை அமுக்கிச் சிலிண்டரை இறக்கும் தறுவாயில், “அண்ணா, துணி” என்றாள் தங்கை. கிராங்க் கூட்டில் அடைத்த துணி அப்படியே இருந்தது. இந்த வேலைக்கு ஒருவருக்கு இருவர் வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே. அம்புக்குறி புகைத்துளைப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நட்டுகளை மறுபடி எதிரெதிராக இறுக்கி, பிளக்கைச் சுத்தம் செய்து போட்டு முடித்தபோது மூன்று நாற்பது. ஏழெட்டு முறை மிதித்தும் மூச்சில்லை. அப்பா கேன்களோடு வந்து நின்றுவிட்டார். அடுத்த மிதியில் பிடித்துக்கொண்டது. தெருவே தெரியாதபடி வெள்ளைப் புகை. மிச்சமிருந்த மண்ணெண்ணெய் எரிகிறது என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. “என்னடா இது?” என்றார். ஐந்து நிமிடத்தில் புகை அடங்கிச் சத்தம் கணீரென்று வந்தது. புதிய ரிங் சிலிண்டரோடு பழகுமட்டும் முழுப்பாரம் கூடாது என்பதால், ஒரு கேன் வீதம் இருமுறை போய்வரச் சொன்னேன். முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். நான் பின்னாலேயே சைக்கிளில் போனேன். மேட்டில் அப்பா இறங்குவதற்காக இடக்காலை நீட்டினார். வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து இரண்டு கேன்களோடும் ஏறிற்று. மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள்.

இத்துடன் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அவ்வளவு கரி ஏன் படிந்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. நம் நாட்டு இரு வீச்சு வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு எண்ணெய் இரண்டு விழுக்காடு, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. அப்பா எண்ணெய் அளப்பது எங்கள் இருவருக்கும் பால் புகட்டிய பழைய பித்தளைப் பாலாடையால். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அளவு உருளையில் நீர் ஊற்றிப் பார்த்தேன். இதென்ன புதுச் சோதனை என்று கேட்ட விரிவுரையாளரிடம் விவரம் சொன்னதும், மூன்றுமுறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். சராசரி 27 மில்லி. அப்பா லிட்டருக்கு இரண்டு பாலாடை ஊற்றுவார், 54 மில்லி. வேண்டியதைவிட இரண்டரை மடங்குக்கு மேல். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவர், பெட்ரோலில் எண்ணெய் கலப்பதில் மட்டும் தாராளம் காட்டியிருக்கிறார்!

அன்றிரவு சொன்னேன். அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “எனக்குப் பாலுக்கு லாக்டோமீட்டர் வைக்கிறாங்க. நீ பெட்ரோலுக்கு வைக்கிறியா?” என்றார். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். முதலில் வைத்திருந்தது பழைய டி.வி.எஸ். 50. 1996 சித்திரையில் எண்ணெய் குறைந்துபோய், நடுச்சாலையில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டு கேன் பாலும் வெயிலில் திரிந்தது. அதைச் சாலையோரத்தில் அவரே கொட்டியிருக்கிறார். அன்றிலிருந்துதான் இரண்டாவது பாலாடை. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. எண்ணெய் குறைந்தால் ஒரு நிமிடத்தில் எஞ்சின் போய்விடும். மிகுந்தால் கரி ஏறிப் போக நான்கைந்து ஆண்டு ஆகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் இரண்டாவதையே எடுப்பேன். ஆனால் அளந்து ஊற்றுகிறவருக்கு இரண்டுமே தேவையில்லை.

இருமல் மருந்துப் புட்டி ஒன்றில் 20, 40, 60 மில்லிக்குக் கோடு கிழித்துக் கொடுத்தேன். அப்பா மறுநாள் கோட்டளவு ஊற்றினார், என்னைப் பார்த்தார், இன்னும் இரண்டு சொட்டு விட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்ரோலோடு கலந்து நன்றாகக் குலுக்கிய பிறகே டாங்கியில் ஊற்றவேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.

2015-இல் எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சாக வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய வண்டி வாங்குவோர்க்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. ஆனால் நம் சைக்கிள் ஸ்டாண்டில் எண்ணிப் பார்த்தேன். இரு வீச்சு வண்டிகள் பதினொன்று நிற்கின்றன. அவற்றுள் நான்கின் சைலன்சர் வால் ஈரமாயிருக்கிறது. வண்டிக்காரர்கள் வேதியியல் துறைப் பக்கம் வந்தால், அவர்கள் எண்ணெய் அளக்கும் மூடி எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளந்து சொல்கிறேன்.

தைப் பொங்கலுக்கு மறுநாள் சைலன்சர் உள்குழாயை மறுபடி கழற்றினேன். இம்முறை கையோடு வந்துவிட்டது. துளை ஓரத்தில் விரலை விட்டுத் தேய்த்தேன். லாந்தர் கண்ணாடியில் படிவதுபோல் உலர்ந்த கரி, துணியில் துடைத்ததும் போயிற்று. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “சரி, மாட்டு. பாலுக்கு நேரமாச்சு” என்றார்.